எட்கரும் கூடை சுமந்த அத்தையும்

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘போ’, ‘போ’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரையோ விரட்டுகிற மாதிரி இருக்கும், அதனால் எட்கர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர் கதைகளில் பெண்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் சாகிறார்கள். சிலர் செத்தும் சும்மா இருப்பதில்லை. லிஜியா தன் கணவனின் இரண்டாம் மனைவியுடைய உடம்பில் எழுந்து வருகிறாள். மேடலைன் அஷரை உயிரோடு சவப்பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்கள். பெரனீஸ் கதை இன்னும் கொடூரம்: அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனே கல்லறைக்குப் போய் அவள் பற்களைப் பிடுங்கி வந்துவிடுகிறான். போதாததற்கு, அழகான பெண்ணின் சாவுதான் உலகத்திலேயே கவித்துவமான விஷயம் என்று 1846இல் ஒரு கட்டுரையும் எழுதினார். முதல் தடவை படித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சரி, அவர் வீட்டுக்குள் போவோம். அம்மா எலிசபெத் நாடக நடிகை. ஊர் ஊராகப் போய் ஜூலியட்டாகவும் ஒபீலியாவாகவும் நடித்தவர், அதாவது மேடையில் அழகாகச் செத்துக்காட்டுவது அவர் பிழைப்பில் ஒரு பகுதி. நிஜமாகவே இறந்தது 1811 டிசம்பரில், ரிச்மண்டில், 24 வயதில். எட்கருக்கு அப்போது 3 வயதுகூட நிறையவில்லை. வளர்ப்புத் தாய் ஃபிரான்சிஸ் ஆலன் 1829இல் இறந்தபோது இவர் ராணுவத்தில் இருந்தார், ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அப்புறம் வர்ஜீனியா. அப்பாவின் தங்கை மரியா கிளெம்மின் மகள், நம் கணக்கில் முறைப்பெண். 1836இல் கல்யாணம் நடந்தபோது இவருக்கு 27, அவளுக்கு 13. பத்திரத்தில் 21 என்று எழுதினார்கள்! அந்தக் காலத்து வழக்கம் என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள், வயதை ஏன் கூட்டி எழுத வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1842 ஜனவரியில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே வாயில் ரத்தம் வந்தது. காசநோய். ஐந்து வருஷம் தேறுவதும் விழுவதுமாக இழுத்து, நியூயார்க்கை அடுத்த ஃபோர்டமில் ஒரு சின்ன வீட்டில், வைக்கோல் மெத்தையில், கணவனின் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு, சூட்டுக்குப் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். 1847 ஜனவரியில் போய்விட்டாள். அவளுக்கும் 24.

அதற்கு முந்தைய வருஷம் காதலர் தினத்துக்கு அவள் எழுதிய கவிதை ஒன்று இருக்கிறது. வரிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எட்கர் ஆலன் போ என்று வரும். ஊர் வாய்க்கு எட்டாமல் நாம் ஒரு குடிசையில் போய் இருப்போமா என்கிறாள். ஃபிரான்சிஸ் ஆஸ்குட் என்ற கவிஞரோடு எட்கரைச் சேர்த்துவைத்து நியூயார்க்கே வம்பு பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எட்கரின் கதைகளில் சாகக் கிடக்கும் எந்தப் பெண்ணும் இவ்வளவு சாதாரணமாக எதையும் கேட்டதில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தவர் வர்ஜீனியாவின் அம்மா, அந்த அத்தை மரியாதான். தையல் வேலை செய்தார், வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சோறு போட்டார், கையில் கூடையோடு பத்திரிகை ஆபீஸ் படிகளில் ஏறி இறங்கி மருமகனின் கையெழுத்துப் பிரதிகளை விற்றுக் காசு வாங்கி வந்தார். லிஜியாவுக்குப் பசித்ததாக எட்கர் எங்கேயும் எழுதவில்லை, அவர் வீட்டில் பசி தீர்த்தவர் கதைக்குள் வரவே இல்லை. 1849இல்தான் ஒரு சின்னக் கவிதை: பெற்றவள் எனக்கு மட்டும்தான் தாய், நீயோ நான் உயிராக நேசித்தவளுக்குத் தாய் என்று.

அந்த அக்டோபரிலேயே அவர் பால்டிமோரில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தார். செத்தவர்மேல் கிரிஸ்வோல்ட் என்ற பத்திரிகை ஆசிரியர் சேற்றை வாரி இறைத்தபோது, 1860இல் எதிர்த்துப் புத்தகம் போட்டவர் சாரா ஹெலன் விட்மன், எட்கரின் குடியால் அவரோடான கல்யாணப் பேச்சை முறித்துக்கொண்ட பெண். அத்தை 1871வரை இருந்தார், கடைசியில் அடுத்தவர் தயவில். எட்கர் இறந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் அதற்குள் ஒரு திருச்சபை விடுதியாக மாறியிருந்தது. அத்தை இறந்ததும் அங்கேதான்.