எந்தக் கடல்ல எறங்கப் போறீங்க?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பீச்சுகளைப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டப்ப பத்து நிமிஷம்னு சொன்னாங்க, இங்க வந்து உக்காந்தா நியூஸ் இருக்கு சார், கொஞ்சம் சுருக்கமாங்கிறாங்க. சரி, நேரா விஷயத்துக்கு வரேன்.

நம்ம ஊருக்கு யார் வந்தாலும் கேக்கறது ஒண்ணுதான், எந்த பீச் நல்லாருக்கும்? நான் திருப்பிக் கேப்பேன், எந்த மாசம் வரீங்க? ஏன்னா நம்மகிட்ட ரெண்டு கடல் இருக்கு. வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. நம்ம ஆளுங்க வடக்க பெண்கடல்ம்பாங்க, தெக்க ஆண்கடல்ம்பாங்க.

இதை நான் கத்துக்கிட்டது அவமானப்பட்டுத்தான். நாலஞ்சு வருஷம் முந்தி ஒரு ஜூலை மாசம், கோயம்புத்தூர்லருந்து மச்சினன் குடும்பத்தோட வந்துட்டான். யாரோ ஜனவரில எடுத்த போட்டோவை போன்ல வச்சிருக்கான், மண்டபம்ங்கிற ஊரோட தெக்குக்கரை, தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்குது, மாமா இங்கதான் குளிக்கணும்னு பிள்ளைங்க ஒரே அடம். நானும் பெரிய உள்ளூர்க்காரன் கணக்கா வேன்ல முன்னாடி உக்காந்து கூட்டிட்டுப் போனேன். போய் எறங்கினா காத்து ஆளைத் தள்ளுது, அலை கலங்கலா எந்திரிச்சு வருது, கட்டுச்சோத்தைப் பிரிச்சா புளியோதரையில பாதி மணல். பிள்ளைங்க என்னைப் பாக்குது, மச்சினன் போட்டோவைப் பாக்குறான்.

பக்கத்துல வலை பொத்திக்கிட்டிருந்த ஒரு பெரியவர் தலையைக்கூட நிமித்தல. "சோழகம் அடிக்கையில தெக்க வந்து நிக்கிறீகளே, வடக்க போங்கய்யா, அங்கிட்டு தண்ணி தூங்குது"ன்னாரு. சோழகம்னா தெக்கருந்து அடிக்கிற காத்து. மண்டபத்துல கரை மாறுறது ஒரு தூரமா? மீன் எறங்குற துறையே மண்டபம் வடக்கு, மண்டபம் தெற்குன்னு ரெண்டு இருக்குல்ல. வேனைத் திருப்பி அப்படியே வடகரையில அரியமான் பீச் பக்கம் போனோம், சவுக்குத் தோப்பு நிழல், கடல் குளம் மாதிரி கிடக்கு, ரொம்ப தூரம் நடந்தும் சின்னவனுக்கு இடுப்பளவுதான். சாயங்காலம் வரைக்கும் கரையேத்த முடியல அதுகளை.

அதனால திரும்பத் திரும்பச் சொல்றேன், பீச்சைக் கேக்காதீங்க, காத்தைக் கேளுங்க. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் சோழகம், தெக்க கொந்தளிக்கும், வடக்க அமைதி. ஐப்பசி பொறந்து வடக்கருந்து வாடைக்காத்து எறங்கிடுச்சுன்னா அப்படியே தலைகீழு. நம்பலேன்னா பாம்பன் ரோட்டுப் பாலத்துல ராமேஸ்வரம் போறப்ப ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே போங்க, ஜூலைல வலது பக்கம் வெள்ளை வெள்ளையா நுரை தள்ளும், இடது பக்கம் தாம்பாளத்துல தண்ணி ஊத்தி வச்ச மாதிரி இருக்கும்.

பெண்கடல்னா எப்பவும் சாதுன்னு நெனச்சிடாதீங்க. எங்க வீட்டம்மா இதைக் கேட்டா, வாடைக்கு வந்து பாக்கச் சொல்லுங்கன்னு சிரிப்பா. தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல போனதும் இந்த வாடைக்காலத்துலதான். தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியுற அரிச்சல்முனைக்கு இப்ப கார்லயே போகலாம், 2017ல ரோடு போட்டாச்சு, போங்க, பாருங்க, ஆனா ரெண்டு கடலும் சேர்ற எடம், இழுப்பு ஜாஸ்தி, அங்க மட்டும் குளிக்க எறங்காதீங்க. குளிர்காலத்துல போனா வழியில தேங்கின தண்ணில பூநாரை நிக்கும், அதை வண்டிக்குள்ளருந்தே பாருங்க, கல்லெறிஞ்சு பறக்கவிட்டு வீடியோ எடுக்காதீங்க, அதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.

கயாக் ஓட்டணும்னா பிரப்பன்வலசை, அதுவும் வடகரை, சோழகத்துல போங்க. பாம்பன்கிட்ட குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுறாங்க, மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவுல அது ஒண்ணு, 1986லருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறையெல்லாம் இருக்கு. தெக்குக் கடலாச்சே, அப்ப எந்த மாசம் போகணும்னு நான் சொல்ல வேணாம், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். போறதுக்கு முன்னாடி படகு ஓடுதான்னு கேட்டுக்கோங்க.

காரங்காடுன்னு ஒண்ணு, தேவிபட்டினத்துலருந்து தொண்டி போற வழியில, அலையாத்திக் காட்டுக்குள்ள படகு போகும், அதைப் பத்தித்தான் நாலு பக்கம் எழுதி எடுத்துட்டு வந்தேன், ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டிட்டாரு. தொப்பியும் குடிதண்ணியும் எடுத்துக்கோங்க, படகுல நெழல் கிடைக்காது. வரேங்க, வணக்கம்.