சூப்பர்கம்ப்யூட்டரில் நோயை ஓட விட்டுப் பார்க்கிற வேலை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு நோய் மக்களிடையே எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. அதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அப்போ அடுத்த பெருந்தொற்று எப்போ வரும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்பதுதான். தெரியாது. அது எங்கள் வேலையும் இல்லை. நோய் பரவத் தொடங்கிவிட்டது, இப்போது பள்ளிகளை மூடினால் என்ன ஆகும், மூடாமல் வயதானவர்களுக்கு முதலில் தடுப்பூசி போட்டால் என்ன ஆகும், இந்த மாதிரி 'இப்படிச் செய்தால்' கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

சரி, அதற்கு எதற்கு சூப்பர்கம்ப்யூட்டர்? 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதிய முறையின் எளிய வடிவத்தில், மக்களை இனிமேல் நோய் தொற்றக்கூடியவர்கள், ஏற்கெனவே தொற்றியவர்கள், குணமாகியோ இறந்தோ நோயிலிருந்து வெளியேறியவர்கள் என்று மூன்றாகப் பிரித்தால் போதும், உங்கள் போனிலேயே கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். இன்றைக்கும் பல கேள்விகளுக்கு அதுவே போதும் (எங்கள் துறைக்காரர்கள் இதை அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்). ஆனால் அந்தக் கணித மாதிரியில் எல்லாரும் ஒரே ஆள் போலத்தான். நாற்பது பேரோடு வகுப்பில் உட்காரும் பிள்ளையும் வீட்டை விட்டே வெளியே வராத பாட்டியும் அதற்கு ஒன்றுதான்.

அதனால் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாக உருவாக்குகிறோம். வயது, வீடு, பள்ளி, வேலை செய்யும் இடம் எல்லாம் வைத்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒத்துப்போகிற மாதிரி லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் செயற்கை மனிதர்கள். இதில் கஷ்டமானது, யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பது. 2008-ல் வெளியான பாலிமாட் ஆய்வில் எட்டு ஐரோப்பிய நாடுகளில் 7,290 பேர், ஒரு நாளில் தாங்கள் சந்தித்தவர்களை டைரியில் எழுதிக் கொடுத்தார்கள், மொத்தம் 97,904 சந்திப்புகள். எவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தாலும் கடைசியில் நாங்கள் நம்பி நிற்பது இப்படி யாரோ பொறுமையாக எழுதிய டைரிகளைத்தான்.

அப்புறம் ஒரு விஷயம், ஒரு தடவை ஓட்டினால் கிடைப்பது விடையே இல்லை. தொற்றிய ஒருவர் சராசரியாக இரண்டு பேருக்குப் பரப்புகிறார், ஒரே ஒரு நோயாளியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலையும் சேர்த்துக்கொண்ட எளிய மாதிரியில் ஏறக்குறைய பாதி ஓட்டங்களில் நோய் தானாகவே அணைந்துவிடும், மீதிப் பாதியில் ஊரையே சுற்றி வரும். ஆக ஒரே கணக்கை வெவ்வேறு தற்செயல் எண்களோடு (பகடை உருட்டுவது போல கம்ப்யூட்டர் எடுக்கும் எண்கள்) ஆயிரக்கணக்கான முறை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு தடுப்புத் திட்டத்துக்கும் தனித்தனியாக. சூப்பர்கம்ப்யூட்டரின் நேரம் பெரும்பாலும் இதில்தான் போகிறது.

இன்னொரு தலைவலியும் உண்டு, வெளியே யாரும் பேசாதது. மக்களை ஊர்வாரியாகப் பிரித்து ஆயிரக்கணக்கான கோர்களுக்குக் (சூப்பர்கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) கொடுக்கிறோம், ஆனால் நோய் ஒரு மூலையில்தானே தொடங்கும்? அந்த மூலையை வைத்திருக்கும் கோர்கள் திணறும், மற்றவை சும்மா காத்திருக்கும். பிறகு, அதே ஓட்டத்தை 500 கோர்களில் ஓட்டினாலும் 5,000-ல் ஓட்டினாலும் அதே விடை வர வேண்டும், அதனால் தற்செயல் எண்ணைக் கோருக்கு ஒதுக்காமல் ஆளுக்கும் நாளுக்கும் சேர்த்துக் கட்டிவிடுவோம். சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் இதைச் செய்யாத நிரலில் பிழை தேட ஆரம்பித்தால் வாரம் போய்விடும்.

இந்தக் கணிப்புகளை எப்படித் தப்பாகப் படிக்கிறார்கள் என்பதற்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா என்ற கொடிய வைரஸ் நோய் ஒரு உதாரணம். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி ஒரு கணிப்பு வெளியிட்டது. நிலைமை அப்படியே போனால், பதிவாகாதவர்களையும் சேர்த்து, லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் 2015 ஜனவரிக்குள் 14 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம் என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் கடைசியில் பதிவானது சுமார் 28,600. உடனே 'கணிப்பு படுதோல்வி' என்று கிளம்பிவிட்டார்கள். 'அப்படியே போனால்' என்ற நிபந்தனையை யாரும் படிக்கவில்லை. உண்மையில் நிலைமை அப்படியே போகவில்லை. சிகிச்சை மையங்கள் வந்தன, பாதுகாப்பான அடக்கம் வந்தது, மக்களே நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிக்கொண்டார்கள்.

எங்களிடமும் அதிகாரிகள் கேட்பது ஒரே ஒரு எண், ஒரே ஒரு வளைவுதான். ஆயிரம் ஓட்டங்களையும் நாள்வாரியாகச் சராசரி எடுத்து ஒரு அழகான கோடு வரைந்து கொடுத்துவிடலாம், ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் நோயாளிகள் எண்ணிக்கையின் உச்சம் வேறு வேறு தேதியில் வருவதால் அந்தச் சராசரிக் கோட்டின் உச்சம் நிஜத்தைவிட மட்டமாகத்தான் இருக்கும். அதை நம்பி மருத்துவமனைப் படுக்கைகளைக் கணக்குப் போட்டால் கண்டிப்பாகப் பற்றாது. அதனால் நான் ஒவ்வொரு ஓட்டத்தின் உச்சத்தையும் தனியாக எடுத்து, அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைத்தான் முதல் பக்கத்தில் வைக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. அந்தப் படத்தை எப்படி வரைவது என்று அடுத்த வீடியோவில் நிரலோடு காட்டுகிறேன், அதற்கு லேப்டாப் போதும்.