சிப்பிப் பையனைச் சாப்பிட்டது யார்?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கையில் இருப்பது டிம் பர்ட்டனின் 'The Melancholy Death of Oyster Boy' என்கிற படக்கவிதைப் புத்தகம். ஆமாம், சினிமா எடுக்கிறாரே, அவரேதான். 1997-இல் வந்தது. சிப்பிப் பையன் சாகப்போகிறான் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார். அதனால் கதையின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

காப்ரி தீவுக்குத் தேன்நிலவு போன ஜோடி மீனும் சிப்பியும் போட்ட குழம்பைச் சாப்பிடுகிறது. அப்புறம் பிறக்கும் பிள்ளைக்குத் தலை இருக்கவேண்டிய இடத்தில் சிப்பி. பேர் சாம். அவனைப் பெற்ற பிறகு வீட்டில் தாம்பத்தியம் படுத்துவிடுகிறது. கணவன் டாக்டரிடம் போகிறான். சிப்பி சாப்பிட்டால் ஆண்மை கூடும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். சரி, வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே! ராத்திரி மகன் கட்டிலுக்குப் போய், சந்தோஷமாக இருக்கிறாயா, சாகவேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று பாசமாக விசாரித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறான். அந்த விசாரணைதான் எனக்குக் குமட்டியது, சாப்பிட்டதுகூட இல்லை. அடக்கம் முடிந்து திரும்பியதும் புருஷனும் பெண்டாட்டியும் அடுத்த பிள்ளைக்குத் தயாராகிறார்கள். இந்த முறை பெண் குழந்தை வேண்டுமாம்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஹைன்ரிஹ் ஹாஃப்மன் ஞாபகம் வந்தது. பிராங்பர்ட் டாக்டர். 1844 கிறிஸ்துமஸுக்கு மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் தேடினார். எதுவும் பிடிக்காமல் வெறும் நோட்டு வாங்கி, தானே பாட்டெழுதிப் படம் வரைந்தார். அடுத்த வருஷம் அச்சில் வந்தது. அதில் காஸ்பர் என்று ஒரு பையன். முதல் படத்தில் பந்து மாதிரி உருண்டையாக நிற்கிறான். சூப் வேண்டாம் என்கிறான். ஒவ்வொரு படத்திலும் இளைத்து, நான்காவது நாள் நூல் மாதிரி ஆகி, ஐந்தாவது நாள் போய்ச் சேருகிறான். கடைசிப் படம் கல்லறை. அதன்மேல் சூப் பாத்திரம்! விரல் சூப்பும் கோன்ராட்டுக்குத் தையல்காரர் பாய்ந்து வந்து இரண்டு கட்டைவிரலையும் கத்தரித்துவிடுகிறார். நம்ம பூச்சாண்டி வருவான் வருவான் என்பார்கள், வரவே மாட்டான். இவர் வந்துவிடுகிறார்.

ஆனால் ஹாஃப்மன் உலகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நெருப்புக்குச்சியைத் தொட்டாய், எரிந்தாய். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் கோரி 1963-இல் ஒரு படப்புத்தகத்தில் அந்தக் கணக்கையே கிழித்துப் போட்டார். 26 ஆங்கில எழுத்துக்கு 26 பிள்ளைகள், எல்லோரும் காலி, காரணமே கிடையாது. நெவில் என்கிற பையன் சலிப்பால் சாகிறான். படத்தில் ஜன்னல் கட்டைக்கு மேல் அவன் தலை மட்டும் எட்டிப் பார்க்கும்.

பர்ட்டனில் பிள்ளைகள் பிறந்ததே தப்பாகிவிடுகிறது. அப்பா மிக்ஸி என்பதால் ஒருவன் ரோபோவாகப் பிறக்கிறான். வளர்ந்த பிறகும் குப்பைத் தொட்டி என்றே பலர் நினைக்கிறார்கள். நாம் அவனைப் பார்த்தா சிரிக்கிறோம்? முகம் சுளிக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான். ஹாஃப்மனில் பிள்ளைக்கு விழும் அடி இங்கே அப்பா அம்மாவுக்கு விழுகிறது. எனக்கு மூவரில் பர்ட்டனைத்தான் பிடிக்கிறது. எதுகை சில இடத்தில் சொதப்பல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். படங்கள் காப்பாற்றிவிடுகின்றன: கீறல் கீறலாகப் பேனாக்கோடு, மேலே கொஞ்சம் வண்ணம், அவ்வளவுதான்.

குழந்தைக்கு வாங்கித் தரலாமா என்று கமெண்டில் கேட்பீர்கள். பர்ட்டனை வேண்டாம், தாம்பத்திய விஷயமெல்லாம் இருக்கிறது. ஹாஃப்மன் தன் மூன்று வயதுப் பையனுக்குக் கொடுத்தார், அது அவர் பாடு. நீங்கள் முதலில் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.