ஜிம்மி கதவின் கீல் பக்கம் நின்ற நாட்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் நாய் ஜிம்மி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என் காலடியில்தான் தூங்குகிறான். 11 வயது ஆகிறது.

தை மாதத்திலிருந்தே அவன் போக்கு மாறியிருந்தது. வெளியே போகவேண்டுமென்றால் கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கீல் பக்கம் போய் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். நடுச்சாமத்தில் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். நகம் தரையில் படும் சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும். 'வயதாகிவிட்டது, பாவம்' என்று சொல்லியே நான்கு மாதத்தை ஓட்டிவிட்டோம். அப்போதே மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

வைகாசியில் ஒரு விடியற்காலை வலிப்பு வந்தது. கால்கள் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டன, வாயில் நுரை, படுத்த இடத்திலேயே சிறுநீர். பாட்டி சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். இரும்புக்கு வலிப்பு நிற்காது, நண்பர்களே. நாய் நாக்கை விழுங்காது. வாய்க்குள் கையை விட்டால் தன்னை அறியாமல் கடித்துவிடும். பக்கத்திலிருக்கும் நாற்காலியை நகர்த்துங்கள், மின்விசிறியைப் போடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஜிம்மிக்கு ஒன்றரை நிமிடத்தில் அடங்கியது. அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். கண் திறந்திருந்தது, என்னை அடையாளம் தெரியவில்லை. சுவரில் முட்டி முட்டி நடந்தான். அரைமணி நேரம் கழித்துத்தான் வால் ஆடியது.

தங்கை கைபேசியில் எடுத்திருந்த வீடியோ மருத்துவருக்கு மிகவும் உதவியது. வேறு நோய் எதுவும் இல்லாமல் வரும் வலிப்பு பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 6 வயதுக்குள் தொடங்கிவிடுமாம். முதுமையில் முதன்முறையாக வந்தால் மூளைக்கட்டி, ஈரல் கோளாறு, இரத்தத்தில் சர்க்கரை குறைவது என்று தேடவேண்டும். ஜிம்மியின் இரத்தத்தில் குறை எதுவும் இல்லை. மூளை ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுக்கவேண்டும். அவன் இதயத்தை நினைத்து அதைத் தள்ளிவைத்திருக்கிறோம்.

இப்போது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பீனோபார்பிட்டால் என்ற, வலிப்பை அடக்கும் மாத்திரை. முதல் இரண்டு வாரம் பின்னங்கால் தள்ளாடியது, பசியும் தாகமும் கூடின. அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரலாம். இட்லித் துண்டுக்குள் வைத்துத்தான் கொடுக்கிறேன். இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவான், அருகிலேயே இருந்து பார்க்கவேண்டும்.

இதோ, எழுந்துவிட்டான். கதவுக்குத்தான் போகிறான், அதே கீல் பக்கம். திறந்துவிட்டு வருகிறேன்.