மீன்முள் வரிசை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு அலங்காரம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு டிசைனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஹெர்ரிங்போன். வானொலியில் படம் காட்ட வழியில்லை. மத்தி மீனைச் சாப்பிட்டபின் தட்டில் மிஞ்சும் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தரை, டைல்ஸ், கோட்டுத் துணி என்று இப்போது எங்கு பார்த்தாலும் இதுதான். வெறும் அழகுக்காக வந்த டிசைன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், இது முதலில் ஒரு பூட்டு. அழகு அப்புறம் வந்த லாபம்.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பேராலயத்தின் குவிமாடத்தையே எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 40 மீட்டருக்கும் மேல். கட்டும்போது கீழிருந்து முட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் ஒரு காட்டையே வெட்ட வேண்டியிருக்கும். கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி 1420இல் வேலையைத் தொடங்கியபோது அந்தச் சாரமே வேண்டாம் என்றார். படுக்கையாக வைத்த செங்கல்களுக்கு நடுவே, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தினார். காரை இறுகும்வரை உள்பக்கமாகச் சாயும் வரிசை சரியாமல் அந்த நிமிர்ந்த கல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வரிசையிலும் அது கொஞ்சம் நகர, மீன்முள் போல ஒரு கோடு சுழன்று மேலேறியது. 1436இல் குவிமாடம் முடிந்தது. இன்றும் நிற்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புதான்.

நம் தெருக்களில் பதிக்கும் பேவர் பிளாக்கிலும் இதே சூட்சுமம் உண்டு. ஒரு கல்லின் முனை அடுத்த கல்லின் பக்கத்தில் முட்டி நிற்பதால் இடுக்குகள் ஒரே நேர்கோட்டில் நீளமாக ஓடுவதில்லை. வண்டி பிரேக் போட்டாலும் திரும்பினாலும் அந்தத் தள்ளு சுற்றியுள்ள கற்களுக்குப் பரவிவிடும். கார் நிறுத்தும் இடத்துக்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது.

துணிக்கு வருவோம். ஹெர்ரிங்போன் துணி, ட்வில் என்னும் நெசவில் ஒரு வகை. இதில் குறுக்கே ஓடும் ஊடை இழை, நீளவாக்கில் இருக்கும் பாவில் இரண்டு இழைக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாகப் போய், வரிசைக்கு வரிசை ஓர் இழை தள்ளி விழும். அதனால்தான் சாய்கோடு வருகிறது. சாய்வு ஒரே பக்கமாக இருந்தால் துவைத்தபின் துணி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ஹெர்ரிங்போனில் சாய்வு மாறி மாறி வருவதால் இழுப்பு சமமாகிவிடும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெசவாளர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளியில் இந்த டிசைன் பிரசித்தம். அந்தப் பெயரைக் காக்க 1993இல் தனிச் சட்டமே வந்தது.

சரி, வீட்டுத் தரையில் போட ஆசையா? ஓரங்களில் வெட்டித் தள்ளுவது அதிகம், சேதாரத்துக்கென்று 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். கூலியும் கூடும். ரொம்ப நீளமான டைல்ஸ் வேண்டாம். நடுவில் லேசாக வளைந்திருந்தாலும் மூலை தூக்கிக்கொண்டு காலில் இடறும். வேலைக்கு வருபவர் அறையின் நடுவில் நூல் பிடித்து ஆரம்பிக்கிறாரா என்று பாருங்கள். சுவரோரத்தில் ஆரம்பித்தால் சுவரின் கோணல் முழுக்கத் தரைக்கு வந்துவிடும்.

நன்றி, வணக்கம்.