ஃபின்லாந்தின் படைவீரர் வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். 1944 செப்டம்பரில் சோவியத் யூனியனுடன் போர்நிறுத்தம் செய்துகொண்ட ஃபின்லாந்து, கரேலியாவின் பெரும்பகுதியை இழந்தது. அங்கிருந்து வெளியேறிய நான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கும் போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும் நிலம் வழங்க 1945-இல் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடக்கலைஞர்கள் வரைந்து தந்த மாதிரி வரைபடங்களைக் கொண்டு, பெரும்பாலும் குடும்பத்தாரே தம் கையால் எழுப்பிய மரவீடுகளை 'ரின்டமாமியெஸ்டாலோ', அதாவது போர்முனை வீரரின் வீடு, என்று இன்றும் அழைக்கிறார்கள்.

இவ்வீடுகளில் நடுவே செங்கல் புகைபோக்கி நிற்க, அதைச் சுற்றி அறைகள் அமைந்திருக்கும். பலகைச் சுவர்களின் இடைவெளியில், தட்டுப்பாட்டுக் காலத்திலும் அறுவை ஆலைகளில் தாராளமாகக் கிடைத்த மரத்தூளைக் கொட்டி நிரப்பினார்கள்.

இவ்வீடுகளை இன்று புதுப்பிப்பவர்களுக்குச் சில யோசனைகள். கண்ணாடி இழை, பாறை இழை போன்ற இன்றைய வெப்பக் காப்போடு ஒப்பிட்டால் மரத்தூள் ஏறக்குறைய பாதியளவே குளிரைத் தடுக்கும். அதற்காக அதை அள்ளி எறிந்துவிட அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் மெல்ல வெளியே விடும் பொருள். சுவரின் உட்புறத்தில் தடித்த காப்பை வைத்து பிளாஸ்டிக் தாளால் மூடினால், பழைய சுவரின் வெளிப்பகுதி முன்னைவிடக் குளிர்ந்துபோகிறது. தாளின் ஏதோவோர் இடுக்கில் புகும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அங்கே நீராகப் படிய, எழுபது ஆண்டுகள் கெடாதிருந்த மரம் சில ஆண்டுகளிலேயே மக்கத் தொடங்கலாம். பரணில் காப்பைக் கூட்டுவதும், மரத்தூள் அமுங்கியதால் சுவரின் உச்சியிலும் ஜன்னல்களின் கீழும் உண்டான வெற்றிடங்களை நிரப்புவதும் செலவு குறைந்தவை. பலனோ உடனே தெரியும். இரட்டைச் சட்ட ஜன்னல்களையும் கழற்றி வீசாமல் பழுதுபார்த்து, இடுக்குகளை அடைத்தாலே போதும்.

வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்ப பம்ப்பைப் பொருத்துவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இவ்வீட்டில் அடுப்பு சூடு தருவதோடு நிற்பதில்லை. சூடான புகைபோக்கிதான் உள்ளிருக்கும் பழைய காற்றை மேலே இழுத்து வெளியேற்றுகிறது. அடுப்பு அணைந்தால் அந்த இழுவை தளர்ந்து, குளியலறையின் ஈரமும் சமையலறையின் ஈரமும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே பம்ப்புக்குப் பணம் ஒதுக்கும்போதே காற்றுத் துளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். கடுங்குளிர் நாட்களில் அடுப்பையும் மூட்ட வேண்டும்.

நிலவறைச் சுவர் கசிந்தால் உட்புறத்தில் பூசும் வண்ணம் சில காலம் கறையை மறைக்குமே தவிர, மண்ணிலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்காது. முதலில் கூரைநீரைச் சுவரைவிட்டு அப்பால் திருப்பி, பிறகு வெளியே தோண்டி வடிகால் குழாய் பதித்து, சுவர் நன்றாக உலர்ந்த பின்னரே உள்வேலையைத் தொடங்க வேண்டும்.