எத்தனை பேரில்?

(பருவமழைக்கு முன் வேளச்சேரியில் தன்னார்வலர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் மீட்பு வேலை சொல்லித்தர வரவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

முகாமில் அந்த நோட்டில் என்ன எழுதுகிறோம்? "பேதி 12 பேர்." மறுநாள் "24 பேர்." உடனே காலரா என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும். ஒரு பேச்சுக்கு, முதல் நாள் முகாமில் 200 பேர், மறுநாள் பக்கத்துத் தெருக்காரர்களும் சேர்ந்து 600 பேர் என்று வையுங்கள். நூற்றுக்கு ஆறாக இருந்தது நாலாகக் குறைந்திருக்கிறது! மாறாக, பாதிப் பேர் வீட்டுக்குப் போன பிறகும் அதே 12 என்றால் நோய் இரட்டிப்பாகியிருக்கிறது. நாமோ "நேற்று மாதிரிதான்" என்று தூங்கப் போய்விடுவோம். ஆகவே தினமும் சாயங்காலம் தலையை எண்ணுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தனியாக எண்ணுங்கள். எபிடெமியாலஜி, தமிழில் நோய்ப்பரவலியல், என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, அதில் பாதி இந்த ஒரு கேள்விதான்: எத்தனை பேரில்?

மீதிப் பாதி, யார் யார் என்பது. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைப் புயல் அடித்தது. பிறகு ஆல்ஃபிரெட் சோமர், ஹென்றி மோஸ்லி என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கே கணக்கெடுத்தார்கள். குறைந்தது 2,24,000 பேர் இறந்திருந்தார்கள். குழந்தைகள், பெண்கள், முதியவர்கள்தான் அதிகம். பிழைத்தவர்களில் பலருக்கு மார்பிலும் கையிலும் தொடையிலும் தோல் உரிந்திருந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிய காயம். பிடித்துத் தொங்கத் தெம்பிருந்தவர் பிழைத்தார். நம் தெருவில் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்கு எந்த மரம்? அந்தப் பட்டியல் மழைக்கு முன்பே நம் கையில் இருக்கவேண்டும்.

தண்ணீர் விஷயம் உங்களுக்கே தெரியும். வெள்ளம் ஏறினால் சாக்கடை சம்ப்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், போகும். பார்வைக்குத் தெளிவாக இருக்கிறதே என்று மோட்டார் போட்டுவிடாதீர்கள். இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிறகு தண்ணீரைக் குளோரின் சோதனைக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் வரவேண்டும். வராவிட்டால் குளோரின் இல்லை.

இனி, எல்லாரும் கோட்டைவிடும் இடம். பேதி சில நாளிலேயே தலைகாட்டும். எலிக்காய்ச்சல் அப்படியில்லை. வெள்ளத்தில் நடந்த காலின் சிராய்ப்பு வழியே நுழைந்த கிருமி, பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சலாக வரும். டெங்குக் கொசுவோ வடிந்த பிறகு தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். காய்ச்சல் அதற்கும் பிறகு. அதற்குள் முகாம் கலைந்திருக்கும். பாய், போர்வையோடு நோட்டையும் மூட்டை கட்டியிருப்போம். காய்ச்சல்காரர் மருந்துக்கடையில் பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு, "மழையில் நனைந்தேன், அதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அதனால் இந்த முறை முகாம் முடிந்தபிறகும் ஒரு மாதத்துக்கு நோட்டு தெருவிலேயே இருக்கட்டும். தெருவுக்கு ஒருவர் போதும். யாருக்குக் காய்ச்சல், என்றைக்கு ஆரம்பித்தது, தண்ணீரில் நடந்தாரா: மூன்றே கேள்வி. பதிலை அன்றன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். மாத்திரையை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நோட்டு இந்த மேஜையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து முதலில் யார் வருகிறீர்கள்?